கணக்கீட்டை வைத்து ஆங்கிலம் படிப்பிக்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயர்தரத்தில் வணிகப் பிரிவு எடுத்த யாழ்ப்பாணப் பிள்ளை கணக்கீட்டைத் தமிழில் கரைத்துக் குடித்திருக்கும். பரீட்சை மீதி (டெபிட், கிரெடிட் மீதிகள் சமமா என்று பார்க்கும் பட்டியல்), சீராக்கங்கள், நிதிக்கூற்று எல்லாம் கைப்பழக்கம். அதே பிள்ளை உயர் தொழில்நுட்பவியல் நிறுவனத்தில் எச்.என்.டி.ஏ. என்ற கணக்கீட்டு உயர் தேசிய டிப்ளோமா படிக்கப் போனால் பாடம் ஆங்கிலத்தில். பரீட்சை மீதி ஏன் சமப்படவில்லை என்று ஆங்கிலத்தில் இரண்டு வசனம் சொல்லச் சொன்னால் வாய் அடைத்துப்போகும். அங்கே ஆங்கில ஆசிரியர்கள் விடுகிற பெரிய தவறு, அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த கணக்கைப் பயன்படுத்தாமல் விடுவதுதான். குழுமக் கணக்குகள்போலப் புதிய பாடம் ஒன்றை எடுத்து, புதுக் கணக்கையும் புது மொழியையும் ஒரே நேரத்தில் தலையில் ஏற்றினால் இரண்டும் நிற்காது. மொழி புதிது என்றால் கணக்குப் பழையதாக இருக்கட்டும்.

எங்கள் காசேட்டு மீதியும் வங்கி காட்டும் மீதியும் ஏன் வேறுபடுகின்றன என்று காட்டும் வங்கிக் கணக்கிணக்கக் கூற்றை எடுங்கள். வணிகப் பிள்ளைகள் எல்லாரும் செய்து சலித்த கணக்கு. சோடியில் ஒருவருக்குக் காசேடு, மற்றவருக்கு வங்கிக் கூற்று. அடுத்தவரின் தாளைப் பார்க்கக் கூடாது. காசேட்டில் மீதி 84,500 ரூபா, வங்கிக் கூற்றில் 91,300. வித்தியாசம் 6,800. 12,000 ரூபாவுக்குக் கொடுத்த காசோலை இன்னும் வங்கிக்கு வரவில்லை, வைப்பிலிட்ட 4,500 ரூபாக் காசோலை தேறவில்லை, வங்கி 700 ரூபா கட்டணம் எடுத்திருக்கிறது. இந்த மூன்றையும் ஒருவரை ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டே கண்டுபிடிக்க வேண்டும். எப்போது கொடுத்தாய், வங்கிக்கு வந்ததா, உன்னிடம் அந்த 700 இருக்கிறதா என்று கேட்கும்போது கேள்வி அமைப்பும் இறந்தகாலமும் தேவைக்கே வந்துவிடும். எங்கள் காசேட்டில் டெபிட்டாக நிற்கும் வைப்பு வங்கிக் கூற்றில் கிரெடிட்டாக நிற்பதைப் பார்த்துச் சில சோடிகள் சண்டை பிடிக்கும். பிடிக்க விடுங்கள், ஆங்கிலத்தில்.

அடுத்த தவறு சொற்பட்டியல். டிப்பிரிசியேசன், அக்குருவல், புரொவிசன் என்று நாற்பது சொல்லைப் பாடமாக்கக் கொடுத்து, எழுத்துப் பிழை பார்த்துப் புள்ளி போடுவது. இந்தப் பெரிய சொற்கள் யாரையும் விழுத்துவதில்லை. விழுத்துவது சின்னச் சொற்கள். கடை வாடகை 20,000 ரூபா என்று வையுங்கள். அது 'டு 25,000' கூடியது என்றால் புதிய வாடகை 25,000. 'பை 25,000' கூடியது என்றால் 45,000. 'ஓவ்ட் டு அஸ்' என்றால் எங்களுக்கு வரவேண்டிய காசு, சொத்து. 'ஓவ்ட் பை அஸ்' என்றால் நாங்கள் கொடுக்கவேண்டியது, பொறுப்பு. 'ஹாஸ் பீன் பெயிட்' என்றால் காசு போய்விட்டது. 'இஸ் டு பி பெயிட்' என்றால் இன்னும் போகவில்லை. இலக்கணத்தில் ஒரு சொல் பிசகினால், சொத்தையும் பொறுப்பையும் காட்டும் ஐந்தொகையே மாறிவிடும் இடங்கள் இவை. சிவப்புப் பேனை இங்கேதான் வேலை செய்ய வேண்டும். 'த' (the) விடுபட்டதற்கெல்லாம் வட்டம் போட்டுத் தாளைச் சிவப்பாக்கினால், பிள்ளை அடுத்த முறை அரைவாசிதான் எழுதும்.

இங்கிலாந்துப் பாடநூலை அப்படியே இறக்குவதும் வேண்டாம். பவுண்ஸ் கணக்கும் அந்த நாட்டு வரியும் எங்கள் பிள்ளைக்கு எதற்கு? உள்ளூர் பே சிலிப் ஒன்று போதும். 60,000 ரூபாச் சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், 4,800 ரூபா கழிபடும். முதலாளி தன் பங்காக 12 வீதம், 7,200 ரூபா கட்டுவார். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு இன்னும் 3 வீதம், 1,800 ரூபா. பிந்திய இரண்டும் சம்பளத்தில் கழிவதில்லை. கைக்கு வருவது ஏன் 55,200 என்று புதிதாக வேலைக்கு வந்தவருக்கு விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். 'டிடக்டட் ஃபுறொம்', 'கொன்றிபியூட்டட் பை' என்று செயப்பாட்டுவினை தானாக வந்து விழும். 18 வீத வற் (பெறுமதி சேர் வரி) போட்ட இன்வொயிஸும் இப்படி உதவும்.

வகுப்பில் தமிழே வாயில் வரக்கூடாது என்று சட்டம் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் 1823 இல் தொடங்கிய செமினரி என்ற உயர்கல்விக்கூடம் கணிதத்தையும் வானியலையும் ஆங்கிலத்தில் படிப்பித்தது; அதே மிஷனைச் சேர்ந்த வைத்தியர் கிறீன் பிறகு மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார். இந்த இழுபறி எங்கள் ஊருக்குப் புதிதல்ல. என் கணிப்பில், கணக்கை யோசிப்பது தமிழில் நடக்கட்டும். முடிவைச் சொல்வதும் எழுதுவதும் ஆங்கிலத்தில் இருந்தால் சரி.

"எனக்குக் கணக்கீடு தெரியாதே" என்று ஆங்கில ஆசிரியர் பின்னடிக்கத் தேவையில்லை. தெரியாதவருக்கு விளங்கப்படுத்தும்போதுதான் பிள்ளை உண்மையாகப் பேசும். ஆனால் பயிற்சியில் உள்ள எண்களை வகுப்புக்கு முன்னரே கணக்கீட்டு ஆசிரியர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துவிடுங்கள். கணக்குப் பிழைத்த தாளில் மொழிப்பயிற்சி நடக்காது.

பரீட்சையில் இடைவெளி நிரப்பச் சொன்னால், வகுப்பில் பேசியதெல்லாம் வீண் என்று பிள்ளைகள் ரியூட்டரித் தாளுக்கே திரும்பிவிடுவார்கள். இப்படி ஒரு வினா கொடுங்கள்: சுன்னாகத்து வெங்காய வியாபாரி ஒருவர், 60 நாளாக வராத பணத்தைக் கேட்டுக் கொழும்புக் கடைக்கு மின்னஞ்சல் எழுத வேண்டும். தொகை, திகதி, இன்வொயிஸ் இலக்கம் மூன்றும் சரியா, அடுத்த ஓடரும் தவறிப்போகாதபடி கேட்டிருக்கிறாரா என்பவற்றுக்கு முதலில் புள்ளி போடுங்கள். எழுத்துப் பிழைக்குக் கடைசியில்.