கையெழுத்தோடு நின்றுவிடும் பாடம்: வயது வந்தோருக்கு எழுத்தறிவிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் காலை ஏழரை மணிக்குப் பேருந்துக்குக் காத்து நிற்கும் கூட்டத்தைச் சற்று நேரம் கவனித்தால், எழுதப் படிக்கத் தெரியாதவர் யார் என்பதைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பது விளங்கும். பேருந்தின் நெற்றிப் பலகையில் ஊர்ப்பெயர் மலையாளத்தில் இருக்கும். ஒரு பெண்மணி அதை ஏறிட்டும் பாராமல், பக்கத்தில் நிற்பவரிடம் "இது சித்தூர் போறதுதானுங்களே?" என்று, தெரிந்ததைச் சரிபார்த்துக்கொள்பவர்போல் கேட்டு ஏறிவிடுவார். வங்கியில் அவரே "கண்ணாடிய மறந்து வெச்சுட்டு வந்துட்டேனுங்க, கொஞ்சம் எழுதிக் குடுங்க" என்பார். இருபது முப்பது ஆண்டுகளாகப் பழகிய மறைப்பு இது. வகுப்பு நடக்கிறது என்று ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டு, வராதவர்களுக்கு ஆர்வமில்லை என்று முடிவு கட்டுவது தன்னார்வலர்கள் செய்யும் முதல் தவறு. இத்தனை ஆண்டுகள் ஒளித்து வைத்ததை ஊரறிய ஒப்புக்கொண்டு, விளக்கெரியும் கட்டடத்துக்குள் நுழைவது எளிதன்று. வீட்டுத் திண்ணையிலோ, அயல்கூட்டம் என்னும் அக்கம்பக்கத்துப் பெண்களின் சுயஉதவிக் குழு கூடும் நாளில் அது முடிந்த பிறகோ வகுப்பை வைத்தால், எதற்காகக் கூடுகிறார்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள், வருபவர்களின் எண்ணிக்கையும் கூடும்.

கேரளத்தில் இந்த மறைப்புக்குக் கூடுதலாக ஒரு காரணம் உண்டு. 1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோட்டு மானாஞ்சிறை மைதானத்தில், புதிதாக எழுத்தறிவு பெற்ற சேலக்கோடன் ஆயிஷா என்ற பெண்மணியே கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவித்தார். அது பெருமைக்குரிய சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் அன்றிலிருந்து எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று ஒருவர் இங்கே இருப்பதே நம்ப முடியாத செய்தியாகிவிட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தின் எழுத்தறிவு 94 சதவீதம், தமிழ்நாட்டினுடையது 80 சதவீதம். ஏழு வயதோ அதற்கு மேலோ ஆன ஒருவர் ஏதேனும் ஒரு மொழியில் புரிந்துகொண்டு எழுதவும் படிக்கவும் முடிந்தால் அவர் எழுத்தறிவு பெற்றவர் என்பது கணக்கெடுப்பின் வரையறை. அதற்குத் தேர்வு எதுவும் கிடையாது. வீட்டில் இருப்பவர் சொல்லும் விடையே பதிவாகிறது. வாசலில் நிற்கும் அலுவலரிடம், மருமகள் காதுபட, "எனக்குப் படிக்கத் தெரியாது" என்று சொல்ல எத்தனை மாமியார்களுக்கு மனம் வரும்? ஆகவே, ஊராட்சியின் சதவீதத்தைப் பார்த்துவிட்டு "நம் ஊரில் ஆளில்லை" என்று ஓய்ந்துவிடுவது தவறு. 1990-91 எழுத்தறிவு இயக்கத்தில் படித்தவர்களே எங்கள் வகுப்புக்கு மீண்டும் வந்திருக்கிறார்கள். படித்ததைப் பயன்படுத்தும் வாய்ப்பு வாராமல் போனதால் எழுத்துகள் மெல்ல மெல்லக் கழன்றுபோனதாகச் சொன்னார்கள்.

அப்படி வந்த ஒருவர் அயல்கூட்டத்தின் கூட்டக் குறிப்பேட்டில் மாதந்தோறும் கையெழுத்திடுபவர். அழகாகவே இடுவார். பெயரின் கடைசி எழுத்து 'ள்'. மேசை மேல் கிடந்த துண்டறிக்கையில் 'பெண்கள்' என்ற சொல்லைக் காட்டி, "உங்க பேர்ல இருக்கிற எழுத்து இதுல எங்கே இருக்குன்னு காட்டுங்கக்கா" என்று கேட்டேன். நெடுநேரம் பார்த்தார், பிறகு சிரித்துக்கொண்டே தாளை என் பக்கம் தள்ளிவிட்டார். அவர் எழுதிக்கொண்டிருந்தது எழுத்துகளை அன்று; கோலம் போடுவதுபோல், தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே உருவமாகத் தம் பெயரை வரைந்துகொண்டிருந்தார். எழுத்தறிவு முயற்சிகள் பலவும் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகின்றன. கைநாட்டு வைத்தவர் கையெழுத்திட்டால் அதைப் படமெடுத்துக் காட்டலாம், கணக்கில் சேர்க்கலாம். ஆனால் தாம் எதில் கையெழுத்திடுகிறோம் என்று தெரியாமல் இடுபவரின் நிலை, கைநாட்டு வைப்பவரின் நிலையைவிட ஆபத்தானது என்பது என் கருத்து. பெருவிரல் வைப்பவருக்கு அங்கே யாரேனும் ஒருவர் வாசித்துக் காட்டியாக வேண்டும் என்ற எண்ணமாவது மற்றவர்களுக்கு இருக்கும். கையெழுத்திடுபவருக்குப் படிக்கத் தெரியும் என்றே எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். பெயரைச் சொல்லிக்கொடுக்கும்போதே அதன் எழுத்துகளைத் தனித்தனியே வெட்டிக் கலைத்துப் போட்டு மீண்டும் அடுக்கச் சொல்லுங்கள்; அதே எழுத்துகளைக் கொண்டு வேறு சொல் அமைக்கச் சொல்லுங்கள். அப்போதுதான் பெயர் பாடமாகும்.

சொல்லைப் பற்றியும் ஒரு சொல். எழுத்தறியாதவரைத் 'தற்குறி' என்று ஏசுகிறோம். எழுதத் தெரியாதவர் ஆவணத்தில் கையெழுத்துக்குப் பதிலாக இடும் அடையாளத்துக்குத்தான் முதலில் அந்தப் பெயர். 'தற்குறி மாட்டெறிதல்' என்று அதற்குச் சான்றளிக்கும் வழக்கம் பழைய கல்வெட்டுகளில் இருக்கிறது. சட்டப்படி மதிப்புள்ள ஓர் அடையாளம் வசைச் சொல்லாகத் தேய்ந்தது பிற்காலத்து வேலை. வகுப்பில் அந்தச் சொல்லோ 'கைநாட்டு' என்ற சொல்லோ விளையாட்டுக்குக்கூட வரக்கூடாது.

நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். வகுப்பைத் தொடங்கியபோது என் கையில் இருந்தது ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளின் பாடப் படங்கள்: அணில், ஆடு, இலை, ஈ. தென்னை ஏறும் தொழிலாளி ஒருவர் மூன்று நாள் வந்தார். நான்காம் நாள் வரவில்லை. தேநீர்க் கடையில் பார்த்துக் கேட்டபோது, "அணிலு எப்படியிருக்கும்னு நீங்க எனக்குச் சொல்லித் தரோணுமுங்களா சார்? நான் ஏறுற மரத்துல எனக்கு முன்னாடி எளநி குடிச்சுட்டுப் போறதே அதுதானுங்க" என்றார். கடையிலிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு வழியில்லை. எழுத்து தெரியாதவருக்கு உலகமே தெரியாது என்று எண்ணிக் குழந்தைக்குப் போல் பாடம் நடத்துவதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய்.

தமிழில் எழுத்துகள் 247 என்று முதல் நாளே சொல்லி மிரட்ட வேண்டியதில்லை. நெடுங்கணக்கின் வரிசை அகராதி பார்ப்பவருக்கு வேண்டும், தொடங்குபவருக்கு வேண்டாம். 'அ' எழுதுவதற்கு வளைவும் சுழியும் தேவை. 'ட' இரண்டே கோடு, 'ப' மூன்று கோடு. இவற்றோடு 'ம' ஒன்றைச் சேர்த்து, காலும் புள்ளியும் சொல்லிக்கொடுத்துவிட்டால் படம், பாடம், பட்டம், மட்டம், மாமா என்று முதல் வாரத்திலேயே சொற்கள் வந்துவிடும். பட்டா, பாட்டம் (குத்தகை) என்ற இரண்டும் அதே எழுத்துகளில் அடங்குகின்றன. நிலத்தோடு வாழும் எல்லைப்புறத்து மனிதருக்கு அந்த இரண்டு சொற்களிலும் ஒரு கதை இருக்கும். எழுதி முடித்ததும் பேசத் தொடங்கிவிடுவார். 1963-இல் பிரேசிலின் அங்கிகோஸ் என்னும் சிற்றூரில் கல்வியாளர் பாவுலோ ஃபிரெய்ரே ஏறத்தாழ 300 உழைக்கும் மக்களுக்கு நாற்பது மணி நேரப் பயிற்சியில் எழுத்தறிவித்ததற்கு அடிப்படையும் இதுவே: அவர்கள் வாயில் ஏற்கெனவே புழங்கிய சொற்களிலிருந்துதான் அவர் எழுத்துக்குப் போனார். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு வரும் எழுத்துகளைச் சற்றுத் தள்ளி வையுங்கள். ஒலியில் பின்னால் வருவது எழுத்தில் முன்னால் நிற்பதும், 'கொ' என்பதில் மெய்க்கு இருபுறமும் குறி நிற்பதும் புதியவரைக் குழப்பும். 'கொடி' என்பதைக் 'கெ, கா, டி' என்று படிப்பவர் கவனமில்லாதவர் அல்லர். கண்ணில் பட்ட வரிசையை நேர்மையாகப் படிக்கிறார்.

எல்லைப் பகுதியில் மட்டும் எழும் கேள்வி, எந்த மொழியில் தொடங்குவது என்பது. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கங்களில் வீட்டில் தமிழ், வாசலுக்கு வெளியே மலையாளம். "இங்கே இருப்பவருக்கு மலையாளம்தானே பயன்படும்" என்று நேராக மலையாள எழுத்தில் தொடங்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மலையாளம் காதுக்குப் பழகியவர்களுக்கும் அது இரட்டைச் சுமையாகிறது. தமிழில் ஒரே 'க' நிற்கும் இடத்தில் மலையாளத்தில் நான்கு எழுத்துகள் உள்ளன. அந்த நான்கின் வேறுபாட்டைத் தம் பேச்சில் ஒருபோதும் காட்டியிராதவர், ஒலியையும் எழுத்தையும் ஒருசேரக் கற்க வேண்டியிருக்கிறது. தாய்மொழியில் தொடங்குவதே நல்லது என்று 1953-இல் வெளியான யுனெஸ்கோ அறிக்கையே பரிந்துரைத்தது. எழுத்து என்பது ஒலிக்கு நிற்கும் குறி என்ற விளக்கம் மனத்தில் ஒருமுறை விழுந்துவிட்டால், இரண்டாம் எழுத்துமுறைக்கு அது மறுபடி விழ வேண்டியதில்லை. கொம்பு மலையாளத்திலும் இடப்பக்கமே நிற்கிறது என்பதைத் தமிழ் படித்தவர் தாமே கண்டுகொள்வார்.

அதற்காகத் தமிழோடு நிறுத்திக்கொள்வதும் தவறே. தமிழ்ப் பற்றின் பெயரால் அந்தத் தவறைச் செய்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். பேருந்துப் பலகையும் ஊராட்சி அறிவிப்பும் மலையாளத்தில் இருக்கும்போது, தமிழ் மட்டும் படித்தவர் மீண்டும் பக்கத்தில் நிற்பவரையே கேட்டாக வேண்டும். நான்காம் மாதத்திலிருந்து பாலக்காடு, சித்தூர், ஆசுபத்திரி, கழிப்பறைக் கதவில் எழுதியிருக்கும் ஸ்திரீகள், புருஷன்மார் போன்ற பத்துப் பன்னிரண்டு மலையாளச் சொற்களை முழு உருவமாகவே அடையாளம் காணப் பழக்கலாம். கையெழுத்தில் நான் குறை சொன்ன 'உருவமாகப் பார்ப்பது' இங்கே பயன்படுகிறது. பலகையை அடையாளம் கண்டால் போதும், எழுத வேண்டியதில்லை. இன்னொன்றையும் வகுப்பில் சொல்லிவிட வேண்டும். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969, தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள அலுவலகங்களுக்கும் தமிழிலேயே எழுதவும், தமிழிலேயே பதில் பெறவும் இடம் தருகிறது. ஆகையால், மனு எழுதப் பழகுவதைத் தமிழில் பழகுவது வீண்போகாது.

கணக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம்: ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று தொடங்காதீர்கள். மரத்துக்கு இவ்வளவு என்று நாற்பத்து மூன்று மரத்துக் கூலியை மனத்திலேயே போடுபவர்களுக்குக் கூட்டல் தெரியும். தெரியாதது, எண்ணை எழுதும் முறை. நூற்றைந்து என்பதைக் காதில் கேட்டபடி, நூறு எழுதி அதனருகே ஐந்து எழுதி 1005 ஆக்கிவிடுவார்கள். நம் எண்ணுப்பெயர்களும் உதவுவதில்லை: தொண்ணூற்றில் நூறும், தொள்ளாயிரத்தில் ஆயிரமும் ஒலிப்பதால் 90 சில குறிப்பேடுகளில் 900 ஆகவும், 900 ஒரு சுழி கூடி 9000 ஆகவும் இருப்பதைக் கண்டிருக்கிறேன். ஒரு ரூபாய் நாணயங்களையும் பத்து ரூபாய், நூறு ரூபாய்த் தாள்களையும் மூன்று கட்டங்களில் அடுக்கிக் காட்டினால் இடமதிப்பு ஒரு மாலையில் விளங்கிவிடுகிறது.

படிப்பு ஏறவில்லை என்று ஒருவரைப் பற்றிச் சொல்லும் முன் அவருடைய கண்ணைச் சோதிக்க வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவது இயல்பு. வயலில் வேலை செய்பவருக்கு அது தெரியாமலே போகும், நெற்கதிர் மங்கலாகத் தெரிந்தாலும் அறுத்துவிடலாமே. "கண்ணாடிய மறந்துட்டேன்" என்று பொய் சொல்லிவந்தவருக்கு உண்மையிலேயே கண்ணாடி தேவைப்பட்டதை நாங்கள் சிலமுறை கண்டோம். அரிவாள் பிடித்துக் காய்த்த விரல்களுக்கு மெல்லிய பேனா நிற்காது. முதல் மாதம் சுண்ணக்கட்டியும் சிமெண்டுத் தரையும் போதும்.

நாள் குறிப்பதில் நடவையும் அறுவடையையும் மறந்து அட்டவணை போட்டுவிட்டு, அந்த வாரங்களில் வருகைப் பதிவேடு காலியாக இருப்பதைக் கண்டு மனம் உடைந்துபோன தன்னார்வலர்கள் பலர். அந்த வாரங்களுக்கு விடுமுறை என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டால், நின்றவர்கள் கூச்சமின்றித் திரும்பி வருவார்கள். எழுத்தோடு வேறொன்றும் கிடைக்க வேண்டும் என்பதையும் நினைவில் வைக்கலாம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையின் அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கத்தில் பெண்கள் கூட்டங்கூட்டமாக மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். இன்றைக்கு அந்த இடத்தில் கைப்பேசி இருக்கிறது. பேசியே செய்தி அனுப்பலாம் என்பதால் எழுத்துத் தேவையில்லை என்பவர்கள், வங்கியிலிருந்து வரும் ஆறு இலக்க எண்ணை யாரோ ஒருவரிடம் வாசித்துக் காட்டிப் பணமிழந்தவர்களிடம் பேசிப்பார்க்க வேண்டும். எண்களைப் படிக்கத் தெரிந்து, அதன் மேலே 'யாரிடமும் சொல்லாதீர்கள்' என்றிருக்கும் வரியைப் படிக்கத் தெரியாததால் வந்த இழப்பு அது.

வீட்டில் உள்ள பிள்ளைகள் செய்யும் தவறு, அன்பினால் செய்வது. அம்மாவின் படிவங்களை எல்லாம் தாங்களே நிரப்பிவிடுவார்கள். பேனாவை அம்மாவிடம் கொடுத்துவிட்டு அரைமணி நேரம் பொறுமையாக உட்கார்வது, நிரப்பித் தருவதைவிடக் கடினமான உதவி.

முன்மாதிரிகளைக் காட்டுவதிலும் அளவு வேண்டும். 2018-இல் 96 வயதுக் கார்த்தியாயினி அம்மா கேரள எழுத்தறிவு இயக்கத்தின் தேர்வில் நூற்றுக்கு 98 மதிப்பெண் பெற்றதைக் கேட்டு உற்சாகம் கொள்பவர்களும் உண்டு, "அந்தம்மாவால முடியுது, நம்மால முடியலையே" என்று சோர்பவர்களும் உண்டு. நான்காம் வகுப்பு, ஏழாம் வகுப்புக்கு இணையான தேர்வுகளும், தமிழ்வழியிலேயே எழுதக்கூடிய பத்தாம் வகுப்பு 'துல்யதா' (இணைநிலை) தேர்வும் இருப்பதை எல்லோருக்கும் சொல்லுங்கள். எல்லோரையும் அதை நோக்கித் தள்ளாதீர்கள். சிலருக்கு ரேஷன் கடைச் சீட்டைப் படித்தால் போதும்.

தென்னை ஏறுபவர் இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். அவருக்கு வேண்டியது, எந்தத் தோப்பில் எத்தனை மரம் ஏறினோம் என்று எழுதி வைப்பது மட்டுமே. சட்டைப் பையில் அடங்கும் சிறு குறிப்பேடு ஒன்றை வைத்திருக்கிறார். சென்ற மாதம் அதைக் காட்டினார். முதல் வரியில் 'கெணத்துத் தோட்டம் 43' என்றிருந்தது. கிணறு என்று திருத்தச் சிவப்புப் பேனாவை எடுக்கும் பழக்கம் என்னிடமும் இருந்ததுதான், இப்போது எடுப்பதில்லை. பேசுகிறபடி எழுதுபவர் இன்னும் எழுதுவார், திருத்தப்பட்டவர் நிறுத்திவிடுவார். அடுத்த வரியில் 'மேக்காலத் தோட்டம் 105' என்றிருந்தது. நூற்றைந்தில் சுழி ஒன்றுதான் இருந்தது.