ஹைப்பாதசிஸ் எழுதறப்போ நடக்கற தப்புங்க

ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல ஹைப்பாதசிஸ்னு தலைப்பு போட்டு பாதிப் பேர் எழுதறது ஹைப்பாதசிஸே கிடையாது. "செல்போன் மாணவர்களின் தூக்கத்தைப் பாதிக்கிறதா?"ன்னா அது கேள்வி. "செல்போனின் தாக்கத்தை ஆராய்தல்"னா அது நோக்கம். ஹைப்பாதசிஸ்ங்கறது டேட்டா எடுக்கறதுக்கு முன்னாடியே இப்படித்தான் வரும்னு துணிஞ்சு சொல்றது, அது தோத்துப்போகவும் வழி இருக்கணும்.

அந்த வழியைத்தான் நிறைய பேர் பயந்து அடைச்சிடறாங்க. "செல்போன் சிலருக்குத் தூக்கத்தைப் பாதிக்கலாம்"னு எழுதினா எந்த ரிசல்ட் வந்தாலும் சரிதான், அப்புறம் எதுக்கு மெனக்கெட்டு டேட்டா எடுக்கணும்? பொய்னு காட்ட வழியே இல்லாத கூற்று அறிவியல்ல சேராதுனு தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர் 1934லயே சொல்லிட்டார். எழுதி முடிச்சதும் "இந்த ரிசல்ட் வந்தா நான் சொன்னது தப்பு"னு கீழ ஒரு வரி எழுதிப் பாருங்க, வரலைன்னா மேல இருக்கறதை அடிச்சுட்டு திரும்ப எழுதுங்க.

அடுத்தது அளவு. தூக்கம்னா எத்தனை மணி நேரம்ங்கறதா, படுத்து எவ்வளவு நேரத்துல கண்ணு அசருதுங்கறதா? "படுக்கறதுக்கு முந்தின ஒரு மணி நேரம் போன் பாக்கறவங்களுக்கு, பாக்காதவங்களை விட தூக்கம் வர அதிக நிமிஷம் ஆகும்", இது அளக்கக்கூடியது. இதுலயே "மார்க்கும் குறையும்"னு ஒட்டவைக்காதீங்க, ஒண்ணு சரியாகி இன்னொண்ணு தப்பானா என்ன முடிவு எழுதுவீங்க? தனித்தனியா ரெண்டா எழுதிடுங்க.

வெறும் சர்வே எடுத்துட்டு "போனால்தான் தூக்கம் கெடுகிறது"னு எழுதறதும் வேண்டாம். தூக்கம் வராததாலதான் போனை எடுக்கறாங்களோ என்னவோ! சர்வேயை வச்சு ரெண்டுக்கும் தொடர்பு இருக்குனு சொல்லலாம், காரணம்னு சொல்லணும்னா யாரு போன் பாக்கணும் யாரு பாக்கக்கூடாதுனு நீங்களே குலுக்கல் முறைல பிரிச்சு சோதனை பண்ணியாகணும்.

நல் (null) ஹைப்பாதசிஸ்தான் எல்லாரையும் குழப்பறது (பேர்லதான் 'நல்', அதுல நல்லதும் இல்ல கெட்டதும் இல்ல). வித்தியாசமே இல்லங்கற கூற்று அது. எதுக்கு அப்படி ஒண்ணுன்னா, புள்ளியியல் அறிஞர் ஃபிஷர் 1935ல எழுதின டீ சோதனையைப் பாருங்க. கப்புல முதல்ல ஊத்தினது பாலா டீயானு குடிச்சே சொல்லுவேன்னு ஒரு அம்மா சொல்றாங்க. 8 கப், அதுல 4 பால் முதல்ல, 4 டீ முதல்ல. நல் ஹைப்பாதசிஸ்: அவங்களுக்கு வித்தியாசம் தெரியாது, சும்மா குருட்டாம்போக்குல சொல்றாங்க. 8ல 4ஐ 70 விதமா எடுக்கலாம், அதனால எல்லாமே சரியா வர வாய்ப்பு 70ல 1தான். "வித்தியாசம் இல்ல"னு வச்சுக்கிட்டதாலதான் இந்தக் கணக்கே போட முடிஞ்சது. வித்தியாசமே இல்லைன்னா இப்படி ஒரு ரிசல்ட்டோ இதை விடப் பெரிய வித்தியாசமோ தற்செயலா வர எவ்வளவு வாய்ப்புங்கறதுதான் பி மதிப்பு. அது வழக்கமா வைக்கற எல்லையான 0.05க்கு மேல வந்துச்சுன்னா உடனே "நல் ஹைப்பாதசிஸ் நிரூபிக்கப்பட்டது"னு எழுதிடாதீங்க, நிராகரிக்கப் போதுமான ஆதாரம் கிடைக்கல, அவ்ளோதான். நீங்க எடுத்த சாம்பிள் சின்னதா இருந்தாலும் அப்படி வரும்.

பெரிய தப்பு ஒண்ணு இருக்கு, ரிசல்ட்டைப் பாத்துட்டு அதுக்கேத்த மாதிரி ஹைப்பாதசிஸை மாத்தறது. அம்பு விட்ட இடத்துல வட்டம் வரையற கதைதான். ஒளி பரவ ஈதர்னு ஒரு ஊடகம் எங்கும் நிறைஞ்சிருக்கு, பூமி அதுல நகரறப்போ எதிர்க்காத்து மாதிரி அடிக்கும்னு அப்போ நம்பினாங்க. இயற்பியல்காரங்க மைக்கல்சனும் மார்லியும் 1887ல அந்த ஈதர் காத்தைத் தேடினாங்க, எதிர்பார்த்தது கிடைக்கல, கிடைக்கலைனே எழுதினாங்க, இன்னிக்கும் அந்த சோதனையை பாடத்துல படிக்கிறோம். அதனால டேட்டா எடுக்கறதுக்கு முந்தின நாளே நோட்டுல ஹைப்பாதசிஸை தேதி போட்டு எழுதி கைடுகிட்ட கையெழுத்து வாங்கி வச்சுடுங்க, அப்புறம் கை வைக்க மனசு வராது.