ஆண்ட்ரியோட்டியோட பதவி லிஸ்ட்டை குழம்பாம படிக்கிறது எப்படி?

ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறமான இத்தாலி அரசியலை படிக்க உக்காந்தா முதல்ல தலைய சுத்த வைக்கிற ஆளு ஜூலியோ ஆண்ட்ரியோட்டி தான், 7 தடவ பிரதமர், நடுவுல உள்துறை, நிதி, ராணுவம், வெளியுறவுன்னு கையில வராத இலாகாவே கம்மி.

பிரதமர் நம்பரை கொஞ்சம் ஓரமா வைங்க. 'ஆண்ட்ரியோட்டி 4' அப்படின்னா நாலாவது தேர்தல்ல ஜெயிச்சாருன்னு அர்த்தம் இல்ல, அவர் அமைச்ச நாலாவது மந்திரிசபை, அவ்ளோதான். அங்க ஆட்சி கவுந்தா உடனே தேர்தல் வரணும்னு இல்ல, அதே பார்லிமென்ட்ல அதே ஆளுங்க இலாகா மாத்திட்டு திரும்ப வருவாங்க. காரணம் சிம்பிள், கம்யூனிஸ்ட் கட்சி ரெண்டாவது பெரிய கட்சி ஆனா ஆட்சிக்குள்ள விட மாட்டாங்க, அதனால ஆண்ட்ரியோட்டியோட கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி இல்லாம ஆட்சியே கிடையாது, அதுக்குள்ள இருக்குற கோஷ்டிங்க தான் ஒருத்தர ஒருத்தர் கவுத்துக்கிட்டாங்க.

ஒரு பேப்பர்ல கோடு போட்டு ரெண்டு பக்கமா பிரிச்சுக்கோங்க, இடது பக்கம் பிரதமர் யாரு, வலது பக்கம் இவரு எங்க இருந்தாரு. 1947ல 28 வயசுல அப்போதைய பிரதமர் டி காஸ்பெரி ஆபீஸ்ல துணை அமைச்சர். 1954ல உள்துறை, அது சில வாரம் தான் தாங்குச்சு. அப்புறம் 1959ல இருந்து 1966 வரைக்கும் பாருங்க, இடது பக்கம் செஞ்ஞி, தம்ப்ரோனி, ஃபன்ஃபானி, லியோனே, மோரோன்னு அஞ்சு பேர் மாறுறாங்க, வலது பக்கம் ஒரே வரி தான், ராணுவ அமைச்சர் ஆண்ட்ரியோட்டி! 1983லருந்து 89 வரைக்கும் வெளியுறவுலயும் இதே கதை. என்னைக் கேட்டா அவர் பிரதமரா இருந்த வருஷங்கள விட இந்த ரெண்டு நீண்ட வரி தான் முக்கியம்.

தேதி பாக்கும்போது ஒண்ணு கவனிங்க. 1972 பிப்ரவரில அவரோட முதல் மந்திரிசபை நம்பிக்கை வாக்கெடுப்புல தோத்து 9 நாள்ல ராஜினாமா, ஆனா காபந்து அரசா ஜூன் வரைக்கும் ஓடுச்சு, அதனால பதவியேத்த தேதியையும் ராஜினாமா தேதியையும் தனித்தனியா எழுதுங்க.

இவரே பிரதமரா இருந்த 1976-79 பகுதிய மட்டும் மெதுவா படிங்க. 1976ல கம்யூனிஸ்டுகள் ஆதரிக்கல, எதிர்க்கவும் இல்ல, ஓட்டு போடாம ஒதுங்கி நின்னதால ஆட்சி ஓடுச்சு. அதுல தொழிலாளர் துறை தீனா அன்செல்மிக்கு, இத்தாலியோட முதல் பெண் அமைச்சர். 1978 மார்ச் 16, அடுத்த மந்திரிசபைக்கு கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து ஓட்டு போட வேண்டிய நாள், அன்னிக்கு காலைல பார்லிமென்ட் போற வழியில முன்னாள் பிரதமரும் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சித் தலைவருமான ஆல்டோ மோரோவ ரெட் பிரிகேட்ஸ்ங்கிற இடதுசாரி தீவிரவாதக் கும்பல் கடத்துது, 55 நாள் கழிச்சு பிணமா தான் கிடைச்சாரு. எல்லாரும் இதோட நிறுத்திடுறாங்க, ஆனா அதே ஆட்சி தான் அந்த டிசம்பர்ல எல்லாருக்குமான தேசிய சுகாதார சேவை சட்டத்த கொண்டு வந்துச்சு, அப்போ சுகாதார அமைச்சரும் அன்செல்மியே.

கடைசியா கோர்ட், மாஃபியாவோட தொடர்பு வச்சிருந்தாருன்னு ஆண்ட்ரியோட்டி மேல கேஸ் நடந்துச்சு. 'மாஃபியா கேஸ்ல விடுதலை'ன்னு ஒத்த வரில எங்கயாவது பாத்தா நம்பாதீங்க. 1999ல பலெர்மோ கோர்ட் விடுவிச்சது நிஜம், ஆனா 2003 அப்பீல்ல 1980 வசந்த காலம் வரைக்கும் தொடர்பு இருந்துச்சு, கேஸ் காலாவதி ஆயிடுச்சுன்னு தீர்ப்பு, 2004ல உச்ச நீதிமன்றமும் அத அப்படியே விட்டுடுச்சு. பத்திரிகையாளர் பெக்கொரெல்லிய கொல்லச் சொன்னாருங்கிற கேஸ் வேற, 1999ல விடுதலை, 2002ல 24 வருஷம் தண்டனை, 2003ல அதுவும் ரத்து. ரெண்டையும் ஒரே வரில கலந்து எழுதிடாதீங்க.