ஆயிலைக் கூடுதலாக ஊற்றினால் என்ஜின் குளிராது

போன ஆடியில் உச்சிப்புளி பக்கம் ஒரு டீக்கடையில் நின்றிருந்தேன். மதுரையிலிருந்து தனுஷ்கோடி போகிற நாலு பையன்கள் வந்து இறங்கினார்கள். நாலும் ஏர் கூல்டு, அதாவது காற்றிலேயே என்ஜின் குளிர்கிற வண்டி, நாலும் சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்றன. அதில் ஒரு தம்பி குனிந்து என்ஜின் பக்கத்தில் ஆயில் அளவு காட்டுகிற கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "லெவலே தெரியலடா" என்று பையிலிருந்த ஆயில் டப்பாவைத் திறந்தார். எழுந்துபோய்க் கையைப் பிடித்துவிட்டேன். நான் யாரென்றே அவருக்குத் தெரியாது, இருந்தாலும் பிடித்தேன், ஏனென்றால் அதே காரியத்தைச் செய்து நான் ஒரு என்ஜினைக் கெடுத்திருக்கிறேன்.

செயின் தளர்வு, டயர் காற்று எல்லாம் உங்களுக்கே தெரியும். ஆயில் சூட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சைடு ஸ்டாண்டில் லெவல் பார்ப்பது

கண்ணாடி வலது பக்கம் இருக்கிற வண்டியை இடது பக்கம் சாய்த்து நிறுத்தினால் ஆயில் இடது பக்கம் போய்விடும், கண்ணாடி காலியாகத்தான் தெரியும். ஓடி வந்து நிறுத்திய உடனே பார்த்தாலும் அப்படித்தான், ஏனென்றால் ஆயிலில் ஒரு பங்கு இன்னும் மேலே ஹெட்டிலும் சுவர்களிலும் ஒட்டிக்கொண்டிருக்கும், அது கீழே இறங்கி வரச் சில நிமிடமாவது ஆகும். நான் இந்த இரண்டு தவறையும் ஒரே நேரத்தில் செய்தேன். ராமநாதபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகத் தூத்துக்குடி போகிற வழி, கீழக்கரை தாண்டி நிறுத்தினேன், கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. "சூடா இருக்குல்ல, கொஞ்சம் கூடவே ஊத்துங்கண்ணே, கூலா ஓடும்" என்று கூட வந்தவர் சொன்னார். எனக்கும் அது சரியென்றே பட்டது. அரை லிட்டருக்குப் பக்கமாக ஊற்றினேன்.

சாயல்குடி வருவதற்குள் வண்டி இழுக்கவில்லை. தொடைப் பக்கம் அனல் அடித்தது. ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து ஆயில் சொட்டியது, சைலன்சரில் நீலப்புகை. நான் என்ன செய்தேன் தெரியுமா, ஆயில் குறைகிறது போல என்று நினைத்து மிச்சம் இருந்ததையும் ஊற்றினேன். வேம்பாரைத் தாண்டியதும் கீழே டக் டக் என்று ஒரு சத்தம் வந்தது. பிரித்துப் பார்த்தால் கனெக்டிங் ராடின் கீழ் பேரிங் போயிருந்தது.

நடந்தது இதுதான். அந்த வண்டியில் ஆயில் கிராங்குக்கு (பிஸ்டன் சுற்றவைக்கிற தண்டு) கீழேயே கிடக்கும், கிராங்க் அதில் முங்காத அளவுக்குத்தான் லெவல் வைத்திருப்பார்கள். லெவல் ஏறினால் நிமிடத்துக்கு 3,000, 4,000 முறை சுற்றுகிற கிராங்க் ஆயிலை மோர் கடைவது மாதிரி கடையும். கடைகிற உழைப்பு முழுக்கச் சூடாகிறது, ஆயிலில் காற்று கலந்து நுரைக்கிறது. பம்ப் அந்த நுரையைத்தான் பேரிங்குக்கு அனுப்பும். நுரை சூட்டை வாங்கி வெளியே கொண்டுவராது, இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் நின்று தாங்கவும் தாங்காது. உள்ளே அழுத்தம் கூடி, பிரீதர் (அந்த அழுத்தத்தை வெளியே விடுகிற குழாய்) வழியாக ஆயில் ஃபில்டர் பெட்டிக்குள் போய்விடும். ஏர் கூல்டு என்ஜினில் சூட்டை வெளியே தள்ளுவது ஃபின், அதாவது சிலிண்டரைச் சுற்றியிருக்கிற உலோகத் தகடுகள் மேல் ஓடுகிற காற்று. பிஸ்டனின் அடியிலிருந்தும் பேரிங்கிலிருந்தும் சூட்டைச் சுமந்துவந்து அந்த உலோகத்திடம் கொடுப்பதுதான் ஆயிலின் வேலை. அரை லிட்டர் கூடுதலாக இருந்தால் சூடேறக் கொஞ்ச நேரம் கூடப் பிடிக்கும், அவ்வளவுதான். இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் "கூட இருந்தா நல்லதுதானே அண்ணே" என்கிறார்கள், எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

பழைய இரும்பு என்ஜின் புல்லட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. மூன்று வாரம் நிறுத்தி வைத்தால் ஆயில் டேங்கில் இருக்கிற ஆயில் மெல்ல கிராங்க் பக்கம் வடிந்துவிடும், அளவு பார்க்கிற குச்சியில் ஆயில் குறைவாகக் காட்டும். ஊற்றாதீர்கள். சில நிமிடம் ஓடவிட்டு, அந்த ஆயில் டேங்குக்குத் திரும்பிய பிறகு பாருங்கள்.

அன்றைக்கு அந்தத் தம்பி வண்டியை இரண்டு பேர் நேராகப் பிடிக்க, டீ குடித்து முடிக்கிற வரை பொறுத்துப் பார்த்தோம். கண்ணாடியில் பாதிக்கு மேலேயே இருந்தது.

கச்சான் காற்றை மறப்பது

ஆனி ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும். மண்டபம் நோக்கிப் போகும்போது அது முதுகில் இருக்கும், வண்டி பறக்கிற மாதிரி சுகமாக இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நீங்கள் 60-ல் போகிறீர்கள், காற்று 40-ல் பின்னாலிருந்து வருகிறது, ஃபின்னுக்குக் கிடைப்பது 20 கிலோமீட்டர் வேகக் காற்றுதான். கூட்டத்தில் ஊர்கிற வண்டிக்குக் கிடைக்கிற அளவு. ஆயில் சூடு ஏறுவது இந்த வழியில்தான், திரும்பி வரும்போது இல்லை.

திரும்பும்போது வேறு பிரச்சினை. எதிர்க்காற்றில் டாப் கியரிலேயே பிடிவாதமாக இழுப்பார்கள். என்ஜின் மெதுவாகச் சுற்றும், சுமை முழுக்க அதன் மேல் இருக்கும், பம்பும் குறைவாகவே ஆயில் அனுப்பும். ஒரு கியர் இறக்குங்கள்.

பாம்பன் பாலத்தில் ஓடவிட்டு நிற்பது

போட்டோ எடுக்கிறவர்கள் நிற்க, பின்னால் வண்டிகள் தேங்கும். ஆஃப் செய்யுங்கள்.

ஃபின்னை மூடுவது

லெக் கார்டில் தண்ணீர் கேன், பை, பெரிய லைட், குழுவின் பெயர் போட்ட ஃபிளெக்ஸ். எல்லாம் சிலிண்டருக்கு வர வேண்டிய காற்றைத் தடுக்கிறது. பின்னால் கட்டுங்கள்.

இந்தக் கடற்கரையில் இன்னொன்றும் உண்டு. அரிச்சல்முனை வரை போய்வந்தால் ஃபின் இடுக்கில் உப்பும் மணலும் அப்பிக்கொள்ளும், என்ஜின் அடிப்பெட்டியில் ஆயில் கசிவு இருந்தால் அந்த ஆயில் பிசின் மாதிரி பிடித்து வைத்துக்கொள்ளும். கழுவத்தான் வேண்டும், ஆனால் நம் பக்கம் பல ஊர்களில் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவினால் காய்ந்த பிறகு வெள்ளை பூத்து நிற்கும். கடைசி ஒரு வாளியாவது நல்ல தண்ணீராக இருக்கட்டும், பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் இடுக்கைத் தேயுங்கள்.

கொதிக்கிற என்ஜினில் தண்ணீர்

கூடாது.

கார் ஆயில்

கிளட்ச் வழுக்கும். டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (JASO MA, MA2) என்கிற பைக் ஆயில் தரக்குறி இருக்க வேண்டும்.

சூடே ஏறாமல் ஓட்டுவது

இதை யாரும் தவறாக நினைப்பதில்லை. வீட்டிலிருந்து மீன் இறங்குதளம் 2 கிலோமீட்டர், போவதும் வருவதும் மட்டும்தான் வண்டிக்கு வேலை. பெட்ரோல் எரியும்போது உண்டாகிற நீராவி ஆயிலில் சேர்கிறது, அது வெளியேற ஆயில் 100 டிகிரிக்குப் பக்கமாவது சூடேறிச் சற்று நேரம் ஓட வேண்டும். நான் ஆயில் குச்சியோடு சேர்ந்த டிப்ஸ்டிக் வெப்பமானி போட்டிருக்கிறேன், 90-லிருந்து 110 வரை இருந்தால் நிம்மதியாகப் போவேன், 130 தொட்டால் நிழல் பார்த்து நிறுத்துவேன். இந்த 2 கிலோமீட்டர் வண்டிகள் அந்தச் சூட்டைத் தொடுவதே இல்லை. ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே பால் டீ நிறத்தில் பசை மாதிரி ஒட்டியிருக்கும். வாரம் ஒருமுறை தேவிபட்டினம் வரையாவது ஒரு நடை ஓட்டிவிட்டு வாருங்கள், ஆயிலையும் கிலோமீட்டர் கணக்கில் மாற்றாமல் மாதக் கணக்கில் மாற்றுங்கள்.