கித்தா (ரப்பர் மர) பலகையில் கம்ப்யூட்டருக்கு ஒரு கேசிங்: முதல் தடவை செய்பவர்களுக்கு

அக்டோபர் மழையில் ஒரு நாள் என் கம்ப்யூட்டரின் மூடியைத் திறக்க முடியவில்லை. தூசி தட்டலாம் என்று உட்கார்ந்தவன், கடைசியில் ஸ்குரூடிரைவரை இடுக்கில் விட்டு நெம்பி, ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்த பிறகுதான் அது விட்டது. நானே செய்த முதல் மரக் கேசிங் அது. பிப்ரவரி வெயிலில் பலகை நன்றாகக் காய்ந்திருந்தபோது, மூடி நான்கு சுவருக்குள்ளும் கச்சிதமாக இறங்க வேண்டும் என்று தேய்த்துத் தேய்த்துப் பொருத்தியிருந்தேன். மலேசியாவில், எங்கள் பினாங்கு ஈரக்காற்றில் பலகை ஊதும் என்பது தெரியாததல்ல. எங்கள் பட்டர்வொர்த் வீட்டுக் கதவே வருடத்தில் மூன்று மாதம் தோளால் இடித்தால்தான் சாத்தும். அந்தப் புத்தி அப்போது வரவில்லை, அவ்வளவுதான்.

இங்கே சொல்வது இரண்டாவது கேசிங்கின் செய்முறை. சின்ன மதர்போர்டு, தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை, ஒரே ஒரு ஃபேன். முதல் முயற்சிக்கு இதற்கு மேல் போக வேண்டாம். கையில் இருக்க வேண்டியவை: டிரில், ஜிக்சா, அரம், மூலைமட்டம், மரப்பசை, மணல் தாள். ஜிக்சா இல்லையென்றால் யாரிடமாவது ஒரு சனிக்கிழமைக்கு இரவல் வாங்குங்கள், இதற்காக வாங்க வேண்டாம்.

முதலில் அளவு, அதற்கும் முன்னால் அட்டைப்பெட்டி

பெட்டியைச் செய்துவிட்டு அப்புறம் உள்ளே சாமானை அடுக்கலாம் என்று நினைத்தால் கட்டாயம் ஏதாவது ஒன்று இடிக்கும். பெரும்பாலும் அது கேபிளாக இருக்கும். பவர் சப்ளையிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் அந்தத் தடித்த 24 முனைக் கேபிள் இருக்கிறதே, அது சட்டென்று மடங்காது, வளைய இடம் கேட்கும்.

மினி ஐடிஎக்ஸ் எனும் சின்ன வகை மதர்போர்டு 170க்கு 170 மி.மீ. எஸ்எஃப்எக்ஸ் எனும் சின்ன வகை பவர் சப்ளை 125 அகலம், 63.5 உயரம், 100 ஆழம். 120 மி.மீ ஃபேனின் தடிமன் 25. போர்டையும் பவர் சப்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முன்னால் ஃபேனை நிறுத்திப் பார்த்ததில் எனக்கு உள் அளவு 320 அகலம், 240 ஆழம், 140 உயரம் என்று வந்தது. பவர் சப்ளைக்கு முன்னால் மிஞ்சும் இடத்தில் எஸ்எஸ்டி (சேமிப்பு டிரைவ்) சுலபமாக உட்கார்ந்துவிடும். உங்களிடம் இருப்பது பெரிய ஏடிஎக்ஸ் போர்டு என்றால் அதுவே 305க்கு 244, கணக்கு முழுக்க மாறிவிடும்.

இந்த அளவில் ஒரு மைலோ அட்டைப்பெட்டியை வெட்டி மடித்து, சாமான்களை உள்ளே வைத்து, கேபிள்களை எல்லாம் மாட்டிப் பாருங்கள். கரண்ட் கொடுக்க வேண்டாம், மாட்டிப் பார்த்தால் போதும். நான் இரண்டு அட்டைப்பெட்டி வீணாக்கினேன். பலகையை வீணாக்குவதற்கு இது எவ்வளவோ மேல்.

பலகை

ஹார்ட்வேர் கடையில் கேட்டால் தவுக்கே (கடை முதலாளி) முதலில் எம்டிஎஃப், அதாவது மரத்தூளை அழுத்தி ஒட்டிய பலகை, எடுத்துக் காட்டுவார். விலை குறைவு, வெட்டச் சுலபம், ஆனால் தண்ணீர் பட்ட இடம் பிஸ்கட் மாதிரி ஊதும், திரும்ப இறங்கவே இறங்காது. செங்கால் மரம் உயர்ந்ததுதான், ஆனால் பழகாத கைக்கு அது இரும்பு. மெராந்தி பரவாயில்லை. நான் எடுத்தது ரப்பர் மரப் பலகை, நம் ஆட்கள் பேச்சில் கித்தா பலகை. சிறு துண்டுகளை விரல் கோத்த மாதிரி இணைத்து ஒட்டிய பலகையாக, வெளிர் மஞ்சள் நிறத்தில் கிடைக்கும்.

எங்கள் பாட்டி கூலிம் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருடம் மரம் வெட்டியவர். வெளியூரில் இருந்து படிப்பவர்கள் கோடரியை நினைக்க வேண்டாம், இங்கே மரம் வெட்டுவது என்றால் விடியற்காலையில் பட்டையைச் சீவிப் பால் எடுப்பது. இருபத்தைந்து, முப்பது வருடத்தில் பால் வற்றியதும் அந்த மரங்களைச் சாய்த்து அடுப்புக்குத்தான் அனுப்புவார்களாம். பிறகுதான் அதே மரத்தில் மேசை, நாற்காலி செய்யத் தொடங்கினார்கள். பச்சையாக விட்டால் பூச்சியும் பூஞ்சணமும் உடனே பிடிக்கும் மரம் இது, அதனால் அறுத்த கையோடு போரான் மருந்து ஏற்றிச் சூளையில் உலர்த்துவார்கள். ஓரங்களில் நீலக்கறை படிந்த பலகையை வாங்காதீர்கள், அது உலர்த்தத் தாமதமான பலகை.

1200க்கு 300 மி.மீ அளவில் 15 மி.மீ தடிமன் பலகை ஒன்று தாராளம். அடிப்பாகத்துக்கு மட்டும் 12 மி.மீ பிளைவுட். பிளைவுட்டில் அடுக்குக்கு அடுக்கு நார் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதால் அது அசையாது, மதர்போர்டு உட்காரும் இடம் அசையவும் கூடாது.

கடையிலேயே வெட்டித் தரச் சொல்லுங்கள்: முன்பக்கம் 350க்கு 140, பக்கவாட்டு இரண்டு 240க்கு 140, மூடி 350க்கு 255, பிளைவுட் அடி 350க்கு 255. எல்லாத் துண்டிலும் நார் நீளவாக்கில் ஓட வேண்டும். இதை வாயால் சொன்னால் போதாது, பலகை மேல் பென்சிலால் அம்புக்குறி போட்டுக் கொடுங்கள். மரம் நாரின் நீளத்துக்கு ஏறக்குறைய அசையவே அசையாது, குறுக்கேதான் ஊதும், சுருங்கும். 255 மி.மீ அகல மூடி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடிக் குறையும். என் முதல் கேசிங்கை மாட்ட வைத்தது அந்த ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான்.

பின்பக்கத்துக்கு மரம் வேண்டாம்

பலரும் தப்பு செய்வது இங்கேதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மதர்போர்டின் யூஎஸ்பி, எச்டிஎம்ஐ போர்ட்டுகள் எல்லாம் சுமார் 1 மி.மீ தகரத்தின் வழியாக எட்டிப் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டவை. 15 மி.மீ பலகையில் அதே அளவு ஓட்டை போட்டால் போர்ட்டுகள் கிணற்றுக்குள் இருக்கிற மாதிரி இருக்கும், வயரின் தலை பலகையில் இடிக்கும், பாதிதான் நுழையும். போர்ட்டுகளைச் சுற்றி மாட்டுவதற்காகப் போர்டோடு வரும் ஐஓ தட்டும் தடித்த பலகையில் ‘க்ளிக்’ என்று மாட்டாது.

அதனால் பின்பக்கம் 1 மி.மீ அலுமினியத் தகடு, 350க்கு 140. பழைய இரும்புக் கேசிங் கிடந்தால் அதன் பின்தகட்டை அறுத்தெடுத்தாலும் சரி, ஓட்டைகள் ஏற்கெனவே இருக்கும், பாதி வேலை மிச்சம்.

புதுத் தகடு என்றால் ஐஓ தட்டின் ஓட்டை 158.75க்கு 44.45 மி.மீ. இந்த அளவு எல்லாப் போர்டுக்கும் ஒன்றுதான். ஓட்டை எந்த உயரத்தில் வர வேண்டும் என்பதை மட்டும் உங்கள் போர்டை அதன் கால்கள் மேல் வைத்து நேரில் அளந்து குறியுங்கள். மெல்லிய தகட்டை அப்படியே ஜிக்சாவில் வெட்டினால் அது படபடவென்று அடித்து மடங்கிவிடும். இரண்டு 3 மி.மீ பிளைவுட் துண்டுக்கு நடுவில் தகட்டை சாண்ட்விச் மாதிரி வைத்து இறுக்கி, நான்கு மூலையிலும் டிரில் போட்டு, இரும்பு அறுக்கும் நுண்பல் பிளேடால் கோட்டுக்கு உள்ளேயே வெட்டி, மீதியை அரத்தால் ராவுங்கள். பவர் சப்ளைக்கு அதையே தகட்டின் மேல் வைத்துச் சுற்றிக் கோடு போட்டு, ஸ்குரூ பிடிக்கும் ஓரத்தை விட்டு உள்ளே வெட்டலாம். மேலே மிஞ்சும் இடத்தில் சூடான காற்று வெளியேற வரிசையாக ஓட்டைகள் போடுங்கள். முடிந்தவரை உயரத்தில், முடிந்தவரை நிறைய.

தகட்டால் இன்னொரு லாபமும் இருக்கிறது. மரத்தில் கரண்ட் ஓடாது, அதனால் இரும்புக் கேசிங்கில் தானாகக் கிடைக்கும் எர்த் இணைப்பு முழு மரப்பெட்டியில் கிடைக்காது. இங்கே போர்ட்டுகளின் உலோகம் ஐஓ தட்டைத் தொடுகிறது, தட்டு தகட்டைத் தொடுகிறது, தகடு பவர் சப்ளையின் உடம்போடு ஸ்குரூவால் இறுகுகிறது, அங்கிருந்து மூன்று முள் பிளக்கின் எர்த்துக்குப் போய்விடுகிறது. தகட்டில் பெயின்ட் இருந்தால் ஸ்குரூ உட்காரும் இடத்தில் சுரண்டிவிடுங்கள். பவர் சப்ளையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கரண்ட் தங்கியிருக்கும்.

ஃபேன் ஓட்டையும் போர்டின் கால்களும்

முன்பலகையில் 114 மி.மீ விட்டத்தில் ஒரு வட்டம், போர்டுக்கு நேர் எதிரே வருகிற மாதிரி. ஸ்குரூ ஓட்டைகளுக்கு நடுவே 105 மி.மீ இடைவெளி. வட்டத்துக்குள் ஒரு ஓட்டை போட்டு ஜிக்சாவை அதில் இறக்கி மெதுவாகச் சுற்றி வாருங்கள். கோணல் ஆனாலும் கவலை வேண்டாம், மணல் தாளைப் பிளாஸ்டிக் குழாயில் சுற்றித் தேய்த்தால் வழிக்கு வந்துவிடும். ஃபேனைப் பிடிக்க எம்4, 50 மி.மீ போல்ட் நான்கு. ஓட்டைக்குப் பின்னால் கொசுவலை மாதிரி மெல்லிய கம்பி வலை வைக்காமல் விடாதீர்கள். தூசிக்காக மட்டும் சொல்லவில்லை, பல்லிக்காகவும்தான். கதகதப்பான இடம் என்றால் அவை வாடகை கேட்காமல் குடிவந்துவிடும்.

மதர்போர்டைத் தூக்கி நிறுத்தும் சிறு பித்தளைக் கால்களுக்கு, போர்டை ஒரு தாளின் மேல் வைத்து நான்கு ஓட்டை வழியாகவும் கூரான பென்சிலால் புள்ளி வையுங்கள். தாளைப் பிளைவுட்டில் ஒட்டி அதன் மேல் டிரில் போடுங்கள். போர்டையே மேலே வைத்துக்கொண்டு டிரில் போட்ட ஒருவரை எனக்குத் தெரியும், புதுப் போர்டு வாங்கினார். கால்கள் 10 மி.மீ உயரத்தில், இரண்டு பக்கமும் மரை உள்ளதாக வாங்கி, கீழிருந்து 16 மி.மீ எம்3 ஸ்குரூவால் பிடியுங்கள். கால்களை மரத்தில் நேராகத் திருகினால் நாலு தடவை கழற்றி மாட்டியதும் லொடலொடக்கும்.

ஒட்டுவது

முன்பலகை பக்கப்பலகைகளின் முனைகளை மூடுகிற மாதிரி வரும். ஸ்குரூ போகும் இடத்தில் முதலில் சின்ன ஓட்டை போடுங்கள், இல்லையென்றால் கித்தா பலகை ஓரத்தில் வெடிக்கும். மரப்பசை தடவி, ஸ்குரூ முடுக்கி, அடிப் பிளைவுட்டையும் ஒட்டுங்கள். பெரிய கிளாம்ப் என்னிடம் இல்லை. பழைய மோட்டார் சைக்கிள் டியூபை நீளநீளமாக வெட்டி, பெட்டியைச் சுற்றி இழுத்துக் கட்டினேன். கித்தா பலகையைக் கித்தாவே பிடித்துக்கொண்டது.

பசை இறுகுமுன் மூலைக்கு மூலை குறுக்கே அளந்து பாருங்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் பெட்டி சதுரமாக இருக்கிறது. எனக்கு 3 மி.மீ வித்தியாசம் வந்தது, நீளமான மூலையை உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு தட்டியதும் சரியாகிவிட்டது. பிதுங்கி வழியும் பசையை ஈரத்துணியால் அப்போதே துடையுங்கள். காய்ந்துவிட்டால் அந்த இடத்தில் வார்னிஷ் பிடிக்காது, வெள்ளைத் தழும்பாகத் தெரியும்.

மூடியை ஒட்டவும் கூடாது, சுவர்களுக்கு உள்ளே இறக்கவும் கூடாது, மேலே படுக்க வையுங்கள். முன்பலகையின் மேல் விளிம்பில், ஃபேனை விட்டுத் தள்ளி, 6 மி.மீ மரக்குச்சி இரண்டை நட்டு, மூடியின் அடியில் அதற்கு ஓட்டை போடுங்கள். பின்பக்கம் இரண்டு சின்னக் காந்தம் போதும். முன்பக்கம் நகராமல் நிற்கும், ஊதுகிற மூடி பின்னால் தாராளமாகக் கொஞ்சம் தள்ளிக்கொள்ளும்.

தேய்ப்பு, பூச்சு

120, 180, 240 என்ற வரிசையில் மணல் தாள். பூச்சு எதுவானாலும் வெளியே மட்டும் அடிக்காதீர்கள், உள்ளேயும் அடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்தால் மூடி ஓடு மாதிரி வளையும். நான் பாலியூரிதேன் வார்னிஷ் இரண்டு கை அடித்து ஒரு வாரம் காயவிட்டேன், நெடி அடங்கும் வரை. ஆளி விதை எண்ணெய் பூசுகிறவர்கள் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள் அல்லது தண்ணீரில் முக்கிவிடுங்கள்.

தீ என்றதும் எல்லோரும் கேட்பது இதுதான்: சூட்டில் மரம் பற்றிக்கொள்ளாதா? மரம் பற்ற ஏறக்குறைய 250 டிகிரிக்கு மேல் வேண்டும். பிராசசர் 100 டிகிரியை நெருங்கும்போதே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பயப்பட வேண்டியது காற்றோட்டம் இல்லாததற்குத்தான்.

சாமான்களை மாட்டுவது

மரத்தூளை ஒரு துளி விடாமல் உறிஞ்சி எடுத்த பிறகே போர்டைக் கொண்டு வாருங்கள். பவர் பட்டனுக்கு, அழுத்தி விட்டதும் திரும்பி வரும் வகை எதுவானாலும் சரி. அதன் இரண்டு வயரை மதர்போர்டில் எப்படி மாற்றி மாட்டினாலும் வேலை செய்யும், எல்இடி விளக்குக்குத்தான் பிளஸ் மைனஸ் பார்க்க வேண்டும். என்னுடையது பழைய இன்டெல் சிப், அந்தச் சிப்பின் உலோக மூடியில் ‘மலாய்’ (மலேசியா என்பதன் சுருக்கம்) என்று பொறித்திருக்கும். இன்டெல் 1972லேயே இங்கே பாயான் லெப்பாஸில் ஆலை வைத்துவிட்டது, கூலிமிலும் இருக்கிறது. பாட்டி பால் எடுத்த பக்கத்து மரத்துக்குள் பக்கத்து ஊர் சிப்பாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே அதன் மேல் சூடு கடத்தும் பேஸ்ட் தடவினேன்.

மரக் கேசிங்கில் வைஃபை நன்றாக எடுக்கும், இரும்பு மாதிரி சிக்னலை மறைக்காது. அதே காரணத்தால் உள்ளே இருக்கும் மின்காந்த இரைச்சலும் வெளியே வரும். அம்மாவின் ரேடியோவைப் பக்கத்தில் வைத்தால் கரகரக்கிறது. “உன் பெட்டியா என் பாட்டா?” என்று கேட்டார்கள். ரேடியோ சமையலறைக்குப் போனது.

கடைசியாக ஒரு சோதனை. ஏதாவது கனமான வேலையை அரை மணி நேரம் ஓடவிட்டு, மூடி திறந்திருக்கும்போது ஒரு தடவை, மூடிய பிறகு ஒரு தடவை பிராசசரின் சூட்டைப் பாருங்கள். ஏசி போடாமல் பாருங்கள். எனக்கு மூடியபின் 9 டிகிரி கூடியது. பின்தகட்டில் இன்னொரு வரிசை ஓட்டை போட்டு, அடியில் 15 மி.மீ ரப்பர் கால்கள் வைத்ததும் 4 டிகிரிக்கு இறங்கியது. ஐந்தாறு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் டிரில்லை எடுங்கள்.

இரண்டாவது கேசிங்குக்கும் ஒரு மழைக்காலம் வந்து போய்விட்டது. பிப்ரவரியில் தகட்டோடு சமமாக இருந்த மூடியின் பின்விளிம்பு, அக்டோபரில் ஒரு டச் அண்ட் கோ கார்டின் (டோல் கட்டும் அட்டை) தடிமனுக்கு வெளியே தள்ளி நின்றது. ஒரு விரலால் தூக்கினேன், வந்துவிட்டது.