போதைப்பொருள் வழக்கில் தண்டனை: மேல்முறையீட்டைத் தயாரிப்பது எப்படி?

தீர்ப்பு வாசிக்கப்பட்ட அன்றே செய்து முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. தீர்ப்பின் நகலைப் பெறுவதுதான் அது. சிறைத்தண்டனை விதிக்கப்பட்டவருக்குத் தீர்ப்பின் படியை உடனடியாகக் கட்டணமின்றித் தர வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 404-ஆம் பிரிவு சொல்கிறது; 2024 ஜூலை 1-க்கு முன்பு இதே உரிமை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 363-ஆம் பிரிவில் இருந்தது. அந்தப் படி கைக்கு வந்துவிட்டாலும், சான்றிட்ட நகலுக்கான மனுவை அன்றோ மறுநாளோ தாக்கல் செய்துவிடுவது நல்லது. ஏனென்றால், மேல்முறையீட்டுக்கான கெடு தீர்ப்பு நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது: உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள், அமர்வு நீதிமன்றத்துக்கு 30 நாள். நகல் தயாராவதற்கு நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும் நாட்கள் இந்தக் கணக்கில் கழிக்கப்படும். நாம் நகல் மனுவே போடாமல் கழித்த நாட்களுக்கு அந்தச் சலுகை இல்லை. கெடு தாண்டிவிட்டால் 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின் கீழ் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவைச் சேர்த்துப் போட வேண்டும். சிறையில் இருப்பவரின் தாமதத்தை நீதிமன்றங்கள் பொதுவாகப் பரிவோடுதான் பார்க்கின்றன, ஆனாலும் காரணம் நாள்வாரியாகச் சொல்லப்பட வேண்டும்.

எந்த நீதிமன்றத்துக்குப் போவது என்பது யார் தண்டனை கொடுத்தார் என்பதைப் பொறுத்தது. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் கீழ் அமைந்த சிறப்பு நீதிமன்றத்தின் தீர்ப்பு என்றால், அச்சட்டத்தின் 36பி பிரிவின்படி மேல்முறையீடு உயர் நீதிமன்றத்துக்குச் செல்லும். தமிழ்நாட்டில் மாவட்டத்தைப் பொறுத்துச் சென்னையிலோ மதுரைக் கிளையிலோ தாக்கல் செய்ய வேண்டும். சிறு அளவு (கஞ்சாவில் 1 கிலோவுக்குக் கீழ்) வழக்கில் குற்றவியல் நடுவர் தண்டித்திருந்தால் மேல்முறையீடு அமர்வு நீதிமன்றத்துக்குச் செல்லும்.

வழக்கறிஞர் வைக்கப் பணமில்லை என்று மேல்முறையீட்டையே கைவிடும் குடும்பங்களைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது, ஏனென்றால் அதற்கு அவசியமே இல்லை. சிறையில் இருப்பவர் மேல்முறையீட்டு மனுவைச் சிறைக் கண்காணிப்பாளரிடமே கொடுக்கலாம். அதை உரிய நீதிமன்றத்துக்கு அனுப்புவது அவருடைய கடமை. காவலில் உள்ள எவரும், வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இன்றி, 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி இலவச வழக்கறிஞரைப் பெற உரிமை உள்ளவர். 15100 என்ற எண்ணை அழைத்தோ, உயர் நீதிமன்றச் சட்டப்பணிகள் குழுவுக்கு எழுதியோ இதைத் தொடங்கலாம்.

மேல்முறையீட்டோடு சேர்த்துத் தாக்கல் செய்ய வேண்டியது, தண்டனையை நிறுத்திவைத்துப் பிணையில் விடக் கோரும் மனு. மூன்றாண்டுக்கு மேற்படாத தண்டனை பெற்று, விசாரணையின்போது பிணையில் இருந்தவர் என்றால், மேல்முறையீடு செய்யும் காலம் வரை விசாரணை நீதிமன்றமே தண்டனையை நிறுத்திவைக்கலாம். அதற்கு மேற்பட்ட தண்டனை என்றால் மேல்முறையீட்டு நீதிமன்றம்தான் முடிவு செய்யும். வணிக அளவு (கஞ்சாவில் 20 கிலோவுக்கு மேல்) வழக்குகளில் பாதை கடினமானது. தண்டனையை நிறுத்திவைக்கவே கூடாது என்று தடுத்த, போதைப்பொருள் சட்டத்தின் 32ஏ பிரிவு, நீதிமன்றத்தின் அந்த அதிகாரத்தைப் பறிக்கும் அளவுக்குச் செல்லாது என்று 2000-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு, 37-ஆம் பிரிவின் நிபந்தனைகள் பொருந்தும் என்றும் சொன்னது. அதாவது, மனுதாரர் குற்றவாளி அல்லர் என்று நம்ப நியாயமான அடிப்படை இருக்கிறது, பிணையில் இருக்கும்போது குற்றம் புரிய மாட்டார் என்ற இரண்டிலும் நீதிமன்றம் திருப்தி அடைய வேண்டும். ஆகவே இந்த மனுவில் குடும்பத்தின் வறுமையைப் பற்றி மூன்று பக்கம் எழுதுவதைவிட, தீர்ப்பிலும் சாட்சியத்திலும் கண்ணில் படும் பெரிய ஓட்டையை முதல் பத்தியிலேயே காட்டுவது பயன் தரும். அபராதத்தையும் நிறுத்திவைக்கக் கோர மறக்கக் கூடாது; விசாரணைக் காவலில் இருந்த நாட்கள் சிறைத்தண்டனையில் கழியுமே தவிர, அபராதம் கட்டத் தவறியதற்கான சிறைவாசத்தில் கழியாது.

இனி மையமான வேலைக்கு வருவோம். மேல்முறையீடு என்பது "நான் நிரபராதி" என்று மறுபடி ஒருமுறை சொல்லும் இடம் அன்று. உயர் நீதிமன்றம் சாட்சிகளை நேரில் பார்ப்பதில்லை. அதன் முன் இருப்பவை காகிதங்கள் மட்டுமே. ஆகவே முதல் தகவல் அறிக்கை, கைப்பற்றுதல் மகஜர் (பொருளைக் கைப்பற்றியதைச் சாட்சிகளோடு சம்பவ இடத்தில் எழுதும் ஆவணம்), கைது குறிப்பாணை, மேலதிகாரிக்கு அனுப்பிய அறிக்கைகள், பொருளை நீதிமன்றத்தில் ஒப்படைத்த படிவம், ஆய்வக அறிக்கை, சாட்சிகளின் வாக்குமூலம், தீர்ப்பு ஆகிய அனைத்தையும் திரட்டி, ஒரு பெரிய தாளில் தேதி, நேரம், எடை, முத்திரை, யார் வசம் என்று ஐந்து பத்திகள் கிழித்து, அந்தப் பொட்டலம் கைப்பற்றப்பட்ட நொடியிலிருந்து நீதிமன்ற மேசைக்கு வந்த நாள்வரை சென்ற வழியை வரிசையாக எழுதுங்கள். போதைப்பொருள் வழக்கில் பொட்டலம்தான் முதன்மைச் சாட்சி. அது சென்ற வழியில் ஓர் இடைவெளி இருந்தால், மேல்முறையீட்டின் முதல் காரணம் அங்கேதான் இருக்கிறது.

ஓர் உதாரணத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். மாலை 5.30 மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் கஞ்சா கைப்பற்றி, 50 கிராம் வீதம் இரண்டு மாதிரிகள் எடுத்து, ஒவ்வொன்றிலும் மூன்று அரக்கு முத்திரைகள் வைத்ததாக மகஜர் சொல்கிறது. ஆய்வக அறிக்கையோ, வந்த பொட்டலத்தின் எடை 38 கிராம், முத்திரை ஒன்று என்கிறது. கைப்பற்றிய நாளுக்கும் ஆய்வகம் பெற்ற நாளுக்கும் இடையே 19 நாள். அந்த 19 நாளும் பொட்டலம் எந்த அறையில், யார் பொறுப்பில் இருந்தது என்பதற்குப் பதிவேடு இல்லை. கொண்டுசென்ற காவலரும் விசாரிக்கப்படவில்லை. இதில் எடைக் குறைவை மட்டும் பிடித்துக்கொண்டால், பச்சைக் கஞ்சா காய்ந்து எடை குறைந்தது என்று அரசுத் தரப்பு ஒரே வரியில் பதில் சொல்லிவிடும். முத்திரை ஏன் குறைந்தது என்பதற்கு அந்தப் பதில் உதவாது. எனவே முத்திரையை முதலிலும், பொறுப்புச் சங்கிலி அறுந்ததை இரண்டாவதாகவும், எடையை அவற்றுக்குத் துணையாகவும் வைக்க வேண்டும். இதே மகஜரின் தலைப்பையும் உற்றுப் பாருங்கள்: சம்பவ இடத்தில் 5.30 மணிக்கு எழுதியதாகச் சொல்லப்படும் மகஜரில், இரவு 8 மணிக்குப் பதிவான வழக்கின் குற்ற எண் அதே மையில், அதே கையெழுத்தில் இருந்தால், அந்த மகஜர் உண்மையில் எங்கே எழுதப்பட்டது என்ற கேள்வி எழும்.

மாதிரி எடுக்கும் முறையைப் பற்றிய 52ஏ பிரிவில் கவனம் தேவை. மாதிரிகள் நடுவர் முன்னிலையில் எடுக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் விளக்கியது; அது மீறப்பட்டதை முக்கியமாகக் கருதி 2023-ல் சில தண்டனைகளை ரத்தும் செய்தது. ஆனால் 2024 டிசம்பரிலும் 2025 ஜனவரியிலும் வந்த தீர்ப்புகள், இந்தப் பிரிவின் மீறல் மட்டுமே வழக்கை வீழ்த்தாது, மற்ற சாட்சியங்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்கின்றன. 2023-ஆம் ஆண்டுத் தீர்ப்பை மட்டும் காட்டிவிட்டு மற்றதை மறைத்தால் எதிர்த்தரப்பு அதை எழுந்து படிக்கும். 52ஏ மீறலை மேற்சொன்ன முத்திரை முரண்பாட்டோடு இணைத்து எழுதுவதே பாதுகாப்பு.

உடல் சோதனையில்தான் பொருள் கிடைத்தது என்றால் 50-ஆம் பிரிவு முன்னால் வரும். அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் அல்லது நடுவர் முன்னிலையில் சோதனையிடப்படும் உரிமை இருக்கிறது என்பதைத் தெளிவாகத் தெரிவித்தே ஆக வேண்டும், ஏறத்தாழ இணங்கினால் போதாது என்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 2010-ல் கூறியது. பொருள் கைப்பையிலோ சாக்கிலோ கிடைத்திருந்தால் இந்த வாதம் நிற்காது. பை உடலின் பகுதி அன்று. வீட்டிலோ தனியார் வாகனத்திலோ முன்தகவலின் பேரில் சோதனை நடந்திருந்தால் 42-ஆம் பிரிவைப் பாருங்கள். தகவல் எழுத்தில் பதிவானதா, 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்குப் போனதா என்பவை அங்கே கேட்க வேண்டிய கேள்விகள். தாமதத்துக்கு விளக்கம் இருந்தால் ஏற்கப்படலாம். அறவே பின்பற்றாமல் விட்டதை 2009-ஆம் ஆண்டு அரசமைப்பு அமர்வு ஏற்கவில்லை.

தண்டனை ஒப்புதல் வாக்குமூலத்தின் மேல் நிற்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். 67-ஆம் பிரிவின் கீழ் அதிகாரிகள் பதிவு செய்யும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது என்று, தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2020 அக்டோபர் 29 அன்று உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. குற்ற மனநிலையை அனுமானிக்கும் 35, 54 பிரிவுகளும், பொருள் எதிரியின் (அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின்) வசம் இருந்தது என்ற அடிப்படையை அரசுத் தரப்பு முதலில் மெய்ப்பித்த பின்னரே உதவிக்கு வரும். நான்கு பேர் வந்த காரின் பின்பெட்டியில் மூட்டை இருந்தது என்றால், பின்னிருக்கையில் இருந்தவருக்கு அது தெரியும் என்பதற்கு என்ன சாட்சியம் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

குற்றத் தீர்ப்பு நிலைத்தாலும் எடை தண்டனையைத் தீர்மானிக்கிறது. கஞ்சாவில் 1 கிலோவுக்குக் கீழ் சிறு அளவு, அதற்கு ஓராண்டு வரை. 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு, அதற்குக் குறைந்தது பத்தாண்டும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும். இடைப்பட்டதற்குப் பத்தாண்டு வரை, குறைந்தபட்சம் என்று ஏதும் இல்லை. சட்டத்தின் வரையறைப்படி கஞ்சா என்பது செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிகள். நுனியோடு சேராத விதையும் இலையும் அதில் அடங்கா. 21 கிலோ என்று எழுதியது சாக்கோடு நிறுத்ததா, தண்டும் இலையும் தனித்துக் கிடந்தனவா என்பதற்குக் குறுக்கு விசாரணையில் பதில் இருந்தால், வணிக அளவே ஆட்டம் காணும். குறைந்தபட்சத் தண்டனை கொடுக்கப்பட்ட வழக்கில் "வயதையும் குடும்பத்தையும் கருதிக் குறைக்கவும்" என்று கேட்பதில் பயனில்லை, அதற்குக் கீழே போக நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை.

பலவீனமான காரணங்களை மேல்முறையீட்டில் குவிக்காதீர்கள். புகார் கொடுத்த அதிகாரியே புலன்விசாரணை செய்தார் என்ற ஒன்றால் மட்டும் வழக்கு வீழாது என்று 2020-லேயே ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. மகஜர் சாட்சிகள் பிறழ்ந்தார்கள் என்பதும் தனித்து நிற்காது. ஒவ்வொரு காரணத்துக்கும் கீழே சாட்சி எண், சான்றாவண எண், பக்க எண் ஆகியவற்றைக் குறித்து, தீர்ப்பின் எந்தப் பத்தி அதைக் கவனிக்கத் தவறியது என்று எழுதுங்கள். விசாரணையில் கேட்கப்படாமல் போன ஆவணம் உண்மையிலேயே முக்கியமானது என்றால், கூடுதல் சாட்சியத்துக்குப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 432-ஆம் பிரிவின் கீழ் தனி மனு போடலாம். அது அரிதாகவே அனுமதிக்கப்படும்.

மேல்முறையீடு செய்தால் தண்டனை கூடிவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. எதிரி தாக்கல் செய்த மேல்முறையீட்டில் தண்டனையை உயர்த்த முடியாது. அரசு தனியே மேல்முறையீடு செய்து, எதிரிக்கு வாய்ப்பளித்த பின்னரே அது நடக்கும். உயர் நீதிமன்றமும் தண்டனையை உறுதி செய்தால், அரசமைப்பின் 136-ஆம் பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு தாக்கல் செய்ய 90 நாள் இருக்கிறது. அதற்கும் சிறை வழியாகவே விண்ணப்பிக்கலாம். நகல் மனுவை அன்றே போட வேண்டும் என்ற முதல் பத்தியின் விதி அங்கேயும் பொருந்தும்.