பூமி பூஜை முடிந்தால் ரோடு வந்துவிடாது: புறநகர்வாசிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வார்டில் பூமி பூஜை நடந்த படம் வாட்ஸ்அப் குழுவில் வந்ததும் கைதட்டல் பொம்மைகள் குவியும். ‘நம்ம ஏரியாவுக்கு ரோடு வந்தாச்சு’ என்று ஒருவர் எழுதுவார். சில மாதம் கழித்து அதே குழுவில் ‘அந்த ரோடு என்னங்க ஆச்சு?’ என்று இன்னொருவர் கேட்பார். யாரிடமும் பதில் இருக்காது. ‘எஸ்டிமேட் போட்டாச்சாம்’, ‘ஃபண்டு வரலையாம்’ என்று ‘ஆம்’ போட்ட பதில்கள்தான் வரும்.

தாம்பரம், ஆவடி போன்ற புறநகர் மாநகராட்சிகளிலும், அவற்றை ஒட்டிய ஊராட்சிகளிலும் இது அன்றாடக் காட்சி. வேலை நடக்காததற்கு அதிகாரிகளும் ஒப்பந்ததாரர்களும் காரணமாக இருக்கலாம். ஆனால் நாம் தவறான இடத்தில், தவறான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பதால் வீணாகும் காலமும் கொஞ்சநஞ்சமில்லை.

அறிவிப்பை வேலை என்று நம்புவது

ஒரு தெருவுக்கு சாலை போட வேண்டுமென்றால் முதலில் மதிப்பீடு தயாராக வேண்டும். அதற்கு மாமன்றத் தீர்மானமும் நிர்வாக அனுமதியும் வேண்டும். பிறகு தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், ஒப்பந்தப் புள்ளி ஏற்பு, கடைசியாகப் பணி ஆணை. பணி ஆணை கையில் வரும்வரை எந்த ஒப்பந்ததாரரும் ஜல்லி இறக்கமாட்டார். சட்டமன்றத்தில் அமைச்சர் அறிவித்தது, கவுன்சிலர் மேடையில் சொன்னது, நாளிதழில் வந்தது எல்லாம் இந்த வரிசையில் எங்கோ முன்னால் நிற்பவை.

ஆகவே ‘ரோடு எப்ப போடுவீங்க?’ என்று கேட்டுப் பயனில்லை. ‘சீக்கிரம் போட்டுடுவோம் சார்’ என்ற பதிலுக்கு எந்தச் செலவும் இல்லை. ‘எந்தத் திட்ட நிதியில் எடுத்திருக்கிறீர்கள், பணி ஆணை எண் என்ன, தேதி என்ன’ என்று கேளுங்கள். எண் சொன்னால் வேலை இருக்கிறது. ‘இன்னும் டெண்டர் விடலை’ என்றால் அதுவும் உருப்படியான தகவல்தான். தமிழ்நாடு அரசின் இணைய டெண்டர் தளத்தில் மாநகராட்சியின் பெயரைப் போட்டுத் தேடினால் டெண்டர் வந்திருக்கிறதா என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஒப்பந்தப் புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைக்கென 1998லேயே இங்கே தனிச் சட்டம் வந்துவிட்டது.

பெரிய திட்டங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரே அறிவிப்பு போலக் காதில் விழுபவை வெவ்வேறு அமைப்புகளின் வேலைகளாக இருக்கும். கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தை சிஎம்டிஏ, அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், கட்டியது. 2023 டிசம்பர் 30 அன்று திறந்தார்கள். பக்கத்தில் வரவேண்டிய புறநகர் ரயில் நிலையத்தைக் கட்டும் பொறுப்பு தெற்கு ரயில்வேயுடையது. பஸ் ஸ்டாண்டு திறந்த அன்று அந்த நிலையம் தயாராகவில்லை. மூட்டை முடிச்சோடு இறங்கியவர்கள் மாநகரப் பேருந்துக்குக் காத்து நின்றார்கள். ஒரு திட்டத்தில் எத்தனை அமைப்புகள் இருக்கின்றனவோ, அத்தனை தேதிகளைத் தனித்தனியாக விசாரிக்க வேண்டும். விளம்பரத்தில் ‘ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம்’ என்று போட்டு மனை விற்பவர்கள் எந்த ஆண்டு என்று போடுவதில்லை.

யாருடைய ரோடு?

புறநகரில் அடிக்கடி நடக்கும் தவறு மனுவைத் தவறான மேசையில் வைப்பதுதான். தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளையும், சிட்லப்பாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து 2021ல் தாம்பரம் மாநகராட்சி உருவானது. வார்டுகள் 70, மண்டலங்கள் 5. இணைப்புக்குப் பிறகும் பலர் பழைய பேரூராட்சி அலுவலகத்துக்குப் போய் ‘இ.ஓ. இருக்காரா’ என்றுதான் கேட்டார்கள். செயல் அலுவலர் என்ற பதவியே மாநகராட்சியில் கிடையாது. உங்கள் வார்டு எண், மண்டல எண், வார்டின் உதவிப் பொறியாளர் யார் என்ற மூன்றும் தெரியாமல் மனு எழுத உட்காராதீர்கள்.

வார்டுக்குள் இருக்கும் எல்லா ரோடும் மாநகராட்சியுடையது அல்ல. வேளச்சேரி - தாம்பரம் சாலை மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கிறது. அதில் பள்ளம் விழுந்தால் கவுன்சிலரைத் திட்டி ஒன்றும் ஆகாது. ஏரியில் ஆக்கிரமிப்பா? அந்த ஏரி நீர்வளத் துறையுடையதா, உள்ளாட்சியுடையதா என்று முதலில் பாருங்கள். பட்டா மாறுதல் தாசில்தார் அலுவலக வேலை. சொத்து வரியில் பெயர் மாற்றம் மாநகராட்சி வேலை. மின் இணைப்பில் பெயர் மாற்றம் மின்வாரிய வேலை. வீடு வாங்கியவர்களில் நிறைய பேர் பத்திரம் பதிவானதும் மூன்றும் தானாக மாறிவிடும் என்று நினைத்துவிடுகிறார்கள். பல வருடம் கழித்து வங்கிக் கடனுக்கோ விற்பனைக்கோ போகும்போதுதான் வரி ரசீதில் பழைய உரிமையாளர் பெயர் பல்லிளிக்கும்.

ஊராட்சிப் பகுதியில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. திருவள்ளூர் அதில் ஒன்று. அந்தத் தேதிக்குப் பிறகும் முன்னாள் தலைவர் வீட்டு வாசலில் மனுவோடு நின்றவர்கள் உண்டு. மனு போய்ச் சேர வேண்டிய இடமோ வட்டார வளர்ச்சி அலுவலகம்.

ஒப்படைக்காத லேஅவுட் தெரு

‘வரி கட்டுறோம், ஆனா எங்க தெருவுக்கு மட்டும் ஒரு விளக்குகூட கிடையாது’ என்ற புலம்பலுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு பத்திரம் இருக்கும், அல்லது இல்லாமல் இருக்கும். லேஅவுட் (மனைப்பிரிவு) போடுபவர் அதன் சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் மூலம் எழுதிக் கொடுக்க வேண்டும். பூங்கா போன்ற பொதுப் பயன்பாட்டுக்கான திறந்தவெளிக்கும் இதே கதைதான். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 சதவீத இடத்தை அதற்கென ஒப்படைத்தாக வேண்டும். எழுதிக் கொடுக்காத வரை அந்தத் தெரு தனியார் நிலம். தனியார் நிலத்தில் பொதுப்பணத்தைச் செலவழிக்க எந்தப் பொறியாளரும் கையெழுத்துப் போடமாட்டார். தணிக்கையில் மாட்டிக்கொள்வார்.

அங்கீகாரமில்லாத பழைய மனைப்பிரிவுகளில் கதை இன்னும் சிக்கல். அவற்றுக்காக 2017ல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற மனைகளுக்கு அது பொருந்தும். தனி மனைக்கு வரன்முறைச் சான்று வாங்கிய பலர் அத்தோடு தெருவும் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். மனை வேறு, தெரு வேறு. உங்கள் தெரு மாநகராட்சியின் சாலைப் பதிவேட்டில் இருக்கிறதா, தானப் பத்திரத்தின் எண் என்ன என்று எழுத்து மூலம் கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், நலச்சங்கம் ஓடவேண்டியது கவுன்சிலரிடம் அல்ல, லேஅவுட் போட்டவரிடமோ அவர் வாரிசுகளிடமோதான். காலம் ஆக ஆக அவர்களைத் தேடிப் பிடிப்பது கஷ்டமாகும்.

மேலே போட்டுவிட்டுக் கீழே தோண்டுவது

பாதாளச் சாக்கடைப் பணி வரப்போகும் தெருவில் சிமென்ட் ரோடு கேட்டுப் போராடி வாங்குவது நல்ல மனதோடு செய்யும் பணவிரயம். குழாய் பதிக்க அதை உடைப்பார்கள், மண்ணைக் கொட்டி மூடுவார்கள், முதல் மழையில் தெரு இறங்கிவிடும். குடிநீர், கழிவுநீர், மின்கேபிள், பிறகு சாலை என்ற வரிசையை நாமே வலியுறுத்த வேண்டும். தற்காலிகமாகப் பள்ளத்தை மட்டும் அடைத்துத் தரச் சொல்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

பாதாளச் சாக்கடை வந்தபின்னும் வீட்டு இணைப்பு எடுக்காமல், கழிவுநீரை மழைநீர் வடிகாலில் திருப்பிவிடுபவர்கள் தெருவுக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். அந்த வடிகால் ஏரிக்கோ ஆற்றுக்கோ நேராகப் போகிறது. வடிகாலில் நாற்றம் என்று புகார் எழுதுவதும் சில சமயம் அதே வீடுதான்! ஆலந்தூர் தனி நகராட்சியாக இருந்த காலத்தில், 1990களின் பிற்பகுதியில், வீட்டுக்கு 5,000 ரூபாய் டெபாசிட் கட்டிப் பாதாளச் சாக்கடையைக் கொண்டுவந்தார்கள். நகராட்சியும் நலச்சங்கங்களும் உட்கார்ந்து பேசி, மக்கள் முன்பணம் போட்டு முடித்த வேலை அது. முன்பணம் கட்டியவர் இணைப்பு எடுக்காமல் இருப்பாரா?

இனி சாலையின் உயரம். பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு வீடுகளெல்லாம் பள்ளத்தில் இறங்கிவிட்டன. 2015 வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு ஓர் அங்குலத்தின் அருமை தெரியும். பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே மட்டத்தில்தான் புதிய சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். ‘மில்லிங்’ என்று ஒப்பந்ததாரர்கள் சொல்வது இதைத்தான். உத்தரவைக் காட்டி ராத்திரி இரண்டு மணிக்கு ரோடு போடும் ஆட்களோடு சண்டை போட்டுப் பலனில்லை. வேலை தொடங்கும் முன்பே வாசற்படியின் மேல் விளிம்பிலிருந்து சாலை வரை டேப்பை நேராகப் பிடித்து, எண் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். தெருவின் இரு முனையிலும் நடுவிலும் ஒவ்வொரு வீட்டில் எடுத்தால் போதும். அந்தப் படங்களை இணைத்து, மில்லிங் செய்யும்படி உதவிப் பொறியாளருக்கு மனு கொடுங்கள். வேலை முடிந்ததும் அதே இடத்தில் மறுபடி அளந்தால், பேச்சுக்கு இடமில்லாத சான்று கையில் இருக்கும்.

வாய்வழிப் புகாரும் வாய்க்கால் நீள மனுவும்

‘நேர்ல பார்த்துச் சொல்லியாச்சு’ என்பது புகார் ஆகாது. ஒப்புகைச் சீட்டோ பதிவு எண்ணோ இல்லாத புகார் நடக்காத புகார். முதல்வரின் உதவி மையத்துக்கு 1100ல் பேசினாலும், முகாமில் மனு கொடுத்தாலும் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

மனுவில் எல்லாவற்றையும் கொட்டுவது அடுத்த தவறு. குப்பை, கொசு, தெருநாய், விளக்கு, ரோடு, டாஸ்மாக் என்று ஆறு பிரச்சினையை ஒரே தாளில் எழுதினால், அதில் எது எளிதோ அதை முடித்து ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று மனுவையே மூடிவிடுவார்கள். ஒரு மனுவுக்கு ஒரு பிரச்சினை. ‘எங்கள் பகுதியில் தெருவிளக்குகள் சரியாக எரிவதில்லை’ என்பதைவிட, ‘மூன்றாவது குறுக்குத் தெருவில், இந்த எண் கொண்ட கம்பத்தில், இந்தத் தேதி முதல் விளக்கு எரியவில்லை’ என்பது வேலை செய்யும். கம்ப எண் கம்பத்திலேயே பெயின்டில் எழுதியிருக்கும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை எடுப்பவர்கள் ‘ஏன் இன்னும் போடவில்லை?’ என்று கேட்டு ஏமாறுகிறார்கள். 2005ன் அந்தச் சட்டம் ஆவணத்தைத் தரும், காரணம் கேட்டால் பதில் சொல்லாது. பணி ஆணையின் நகல், மதிப்பீட்டின் நகல், செய்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகத்தின் நகல் என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. இந்த இரண்டாவது தேதியைத் தவறவிடுபவர்கள்தான் அதிகம். நகலோடு நிற்க வேண்டியதும் இல்லை. நடக்கும் பணியை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்தும் பொருளின் சான்றளித்த மாதிரியைக் கேட்டு வாங்கவும் அதே சட்டத்தின் பிரிவு 2 இடம் தருகிறது. சட்டம் பேசும் நண்பர்களில்கூட இதைப் பயன்படுத்தியவர் குறைவு.

நகர்ப்புற வார்டுகளில் பகுதிவாரியாக மக்களைக் கூட்டி நடத்தும் ஏரியா சபைக் கூட்டத்துக்குப் போகாமல் இருப்பதையும் சொல்ல வேண்டும். 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று பம்மலில் நடந்த ஏரியா சபையில் முதல்வரே வந்து உட்கார்ந்தார். அன்று கூட்டம் அலைமோதியது. கேமரா இல்லாத நாளில் நடப்பதோ கவுன்சிலருக்கு வேண்டிய நாலு பேர் கையெழுத்துப் போட்டு டீ குடித்துக் கலையும் கூட்டம். ஊராட்சியில் இருப்பவர்களுக்குக் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானப் புத்தகத்தில் உங்கள் கோரிக்கை எழுதப்பட்டதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் போடாதீர்கள்.

சொத்து வரியைப் பற்றிச் சுருக்கமாக: அரையாண்டு தொடங்கியதும் ஏப்ரல் 30க்குள், அக்டோபர் 31க்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். ‘ரோடு போட்டால்தான் வரி’ என்று நிறுத்தி வைப்பதால் வட்டி ஏறுமே தவிர ரோடு வராது. புகாரோடு போகும்போது நிலுவைப் பட்டியலைத்தான் முதலில் முகத்தில் காட்டுவார்கள்.

வேலை முடிந்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று விட்டுவிடுவது கடைசித் தவறு. ஒப்பந்தத்தில் குறைபாடுகளைச் சரிசெய்து தரவேண்டிய காலம் என்று ஒன்று எழுதியிருக்கும். அதுவரை ஒப்பந்ததாரரின் பணத்தில் ஒரு பகுதி மாநகராட்சியிடம் பிடித்தமாக இருக்கும். பணி ஆணை நகல் வாங்கும்போதே அந்தக் காலம் எவ்வளவு, பணி முடிந்ததாகப் பதிவான தேதி எது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஜல்லி பெயர்ந்தாலோ வடிகால் மூடி உடைந்தாலோ அந்தக் காலம் முடிவதற்குள் எழுத்து மூலம் தெரிவித்தால் அவர் செலவில் சரியாகும். காலம் தாண்டிவிட்டால் மறுபடி மதிப்பீடு, மறுபடி டெண்டர்.